நினைவகம் மிகுந்தால் வரும் குறை: பழைய விண்டோஸின் கதை

நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. தீவில் விளையாத பொருள் எதுவாயினும் குறிகட்டுவான் துறையில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலைக் கடந்தே வந்துசேர வேண்டும். தீவுக் கடையில் இடம் சிறிது. அக்கரைக் களஞ்சியம் பெரிது. வேண்டிய பொருள் வேண்டிய வேளையில் கடையில் இருந்தாற் போதும். எல்லாப் பொருளும் எப்போதும் இருக்கவேண்டிய தேவையில்லை. கணினித் துறையினர் 'மெய்நிகர் நினைவகம்' என்று வழங்கும் ஏற்பாட்டின் அடிப்படையும் இதுவே. கடை என்பது கணினியின் உள்நினைவகம். களஞ்சியம் என்பது வன்தட்டு.

இந்தப் பழங்கதை இன்று எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். போரினால் இடம்பெயர்ந்த தீவக மக்களும் ஏனைய ஈழத்தமிழரும் 1990களில் புலம்பெயர் நாடுகளில் ஊர் மலர்களையும் நினைவு மலர்களையும் வெளியிட்டு வந்தனர். அவற்றுட் பல, விண்டோஸ் 95, 98 கணினிகளில், பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டு, பேஜ்மேக்கர் மென்பொருளில் பக்கம் கட்டப்பட்டவை. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகில் கொல்லப்பட்ட நெடுந்தீவு மக்களைப் பற்றிய நினைவுரை ஒன்று அத்தகைய வட்டு ஒன்றில் மட்டுமே எஞ்சியிருக்குமாயின், அதைத் திறக்க இயலாமற் போவது இழப்பன்றி வேறென்ன?

பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதன் கோப்புகளைக் கட்டிய வடிவிலேயே காணவேண்டின், பழைய இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதே நேர்வழி. அவ்வாறு இன்றைய கணினியில் விண்டோஸ் 98ஐ நிறுவ முற்படுவோர் ஒரு விந்தையைக் காண்பர். பல ஜிகாபைட் நினைவகம் உள்ள பொறி, "போதிய நினைவகம் இல்லை" என்று கூறி நின்றுவிடும். பதினாறு மெகாபைட் இருந்தாற் போதும் என்று வெளிவந்த இயங்குதளம் அது! இப்புதிருக்கு விடை காண, சற்று வரலாற்றைப் புரட்டவேண்டும்.

மான்செஸ்டரில் பிறந்த எண்ணம்

1950களில் நிரலை நினைவகத்துக்குள் அடக்குவது நிரலரின் தலைச்சுமை. பெரிய நிரலைத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எப்போது உள்ளே வரவேண்டும் என்பதை அவரே எழுதவேண்டும். இச்சுமையைப் பொறியின் மீதே ஏற்றியது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி. டாம் கில்பர்ன் தலைமையிலான குழுவினர் ஃபெராண்டி நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய அக்கணினி, 1962 டிசம்பர் 7ஆம் நாள் தொடக்கிவைக்கப்பட்டது. அதன் உள்நினைவகம் 16,384 சொற்களே கொண்டது; சுழலும் காந்த உருளைகளிலோ 98,304 சொற்களுக்கு இடமிருந்தது. இரண்டையும் ஒரே நினைவகம் போலத் தோன்றச் செய்தனர். தரவுகள் 512 சொற்கள் கொண்ட கூறுகளாக உள்ளும் புறமும் போய்வந்தன. அக்கூற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'பக்கம்'. பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கு நெருக்கமான சொல்தான்!

ஆயினும் இவ்வேற்பாட்டில் ஓர் அபாயம் இருந்தது. கடைக்கு வருவோர் ஒவ்வொருவரும் அங்கில்லாத பொருளையே கேட்டால், படகு ஓயாது ஓடும், வியாபாரம் நடவாது. கணினியும் அப்படியே. பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே காலம் கழிந்து, வேலை நின்றுவிடும். இந்நிலைக்குக் காரணத்தையும் தீர்வையும் அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங் 1968இல் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். ஒரு நிரல் ஒரு காலப்பகுதியில் உண்மையில் கையாளும் பக்கங்கள் எவை என்று அறிந்து, அவற்றுக்கேனும் உள்ளே இடம் தரவேண்டும் என்பது அவர் கண்ட நெறி.

பஞ்சத்துக்கு வகுத்த கணக்கு

1985இல் வெளிவந்த இன்டெல் 386 செயலி, இந்தப் பக்க முறையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. விண்டோஸ் 95, 98 காலத்தில் நினைவகத்துக்குப் பஞ்சம். பேஜ்மேக்கரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் வன்தட்டின் விளக்கு நெடுநேரம் அணையாது எரிந்துகொண்டிருந்ததைப் பழைய அச்சுக்கோப்பாளர் மறந்திருக்க மாட்டார்கள். டென்னிங் சொன்ன நோய்தான் அது. தேவைக்கேற்ப வளர்ந்து சுருங்கும் மாற்றுக் கோப்புக்கு வன்தட்டில் வெற்றிடம் விட்டுவைப்பதும், கூடுதல் நினைவகம் பொருத்துவதும் அன்றைய மருந்துகள்.

இன்று காணும் குறையோ இதற்கு நேர்மாறானது. 32 பிட் முறையில் மொத்தம் நான்கு ஜிகாபைட் முகவரிகளே உண்டு. அவற்றுள் மேலே உள்ள ஒரு ஜிகாபைட்டை விண்டோஸ் 98 தன் சொந்த வேலைகளுக்கென வைத்துக்கொள்கிறது. வன்தட்டுத் தரவுகளை இடையில் தேக்கிவைக்கும் 'வி-கேஷ்' என்னும் பகுதி, நினைவகம் எவ்வளவு உண்டு என்று தொடக்கத்திலேயே பார்த்து, அதற்கேற்ற முகவரிகளை முன்கூட்டி ஒதுக்கிக்கொள்ளும். நினைவகம் மிகப் பெரிதாயின் ஒதுக்கீடும் பெரிதாகி, ஏனைய பகுதிகளுக்கு முகவரியே மிஞ்சாது. களஞ்சியம் நிறைந்திருக்கிறது என்று கேள்வியுற்ற முதலாளி, இறங்குதுறை முழுவதையும் தன் படகுகளுக்கே பிடித்துக்கொண்டால், வேறு படகு எங்கே கட்டுவது? பஞ்ச காலத்தில் வகுத்த கணக்கு, செல்வ காலத்தில் பிழைத்துவிடுகிறது.

தீர்க்கும் வழி

மெய்நிகர் கணினியில் நிறுவுவோர் 128 அல்லது 256 மெகாபைட் மட்டும் ஒதுக்கினால் இச்சிக்கல் எழாது. மெய்யான கணினியாயின், கட்டளைத் திரையில் நின்று, சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பின் 'வி-கேஷ்' பிரிவில் 'மேக்ஸ்-ஃபைல்-கேஷ்' அளவை 524288க்கு மிகாமல் எழுதலாம்; இது கிலோபைட் கணக்கில் 512 மெகாபைட். அதுவும் போதாதெனில், '386-என்ஹான்ஸ்டு' பிரிவில் 'மேக்ஸ்-ஃபிஸ்-பேஜ்' அளவை 20000 என்று இடவேண்டும். இது பதினாறன் அடிமான எண். நான்கு கிலோபைட் பக்கங்கள் 131,072 என்று பொருள். பெருக்கினால் மீண்டும் 512 மெகாபைட். இயங்குதளம் அதற்கு மேலுள்ள நினைவகத்தைக் கண்ணெடுத்தும் பாராது.

கோப்பு திறந்தபின்னும் பணி முடிவதில்லை. பாமினியில் 'தமிழ்' என்று எழுதியது, எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். விண்டோஸ் 98 தமிழ் ஒருங்குறி அறியாதது. 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000இல்தான் அந்த வசதி கிட்டியது. ஆகவே பக்கத்தை பிடிஎஃப் வடிவிலும், உரையை எழுத்துருமாற்றி வழியே ஒருங்குறியிலும் சேமித்து, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற பொது ஆவணகங்களுக்கு வழங்குவதே முறை.

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுவடிகள் பல மீட்க இயலாதவாறு அழிந்தன. அந்த இழப்பை நாம் தடுத்திருக்க இயலாது. பெட்டிகளில் உறங்கும் வட்டுகளின் கதை அதுவன்று. அவற்றின் காந்தப் பூச்சு ஆண்டுக்காண்டு நலிகிறது. அவற்றைத் திறக்கும் வழி அறிந்தோருக்கும் வயது ஏறுகிறது. வட்டு வைத்திருப்போர் இவ்வாண்டே அதை வெளியே எடுப்பது நன்று.