கே-2 சிகரமும் அமீர் மஹ்தியும்

1950-இல் பிரெஞ்சுக்காரர் அன்னபூர்ணாவில் ஏறியது முதல் 1964-இல் சீனர் சிஷாபங்மாவை அடைந்தது வரை, எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களும் பதினான்கே ஆண்டுகளில் மனிதனின் காலடிக்கு வந்துவிட்டன. மலைமீது கொண்ட காதல் மட்டும் இவ்விரைவுக்குக் காரணமன்று. எந்த நாட்டின் கொடி முதலில் பறப்பது என்னும் போட்டியும் காரணமாகும்.

நியூமன், மார்கன்ஸ்டர்ன் எனும் அறிஞர் இருவர் 1944-இல் வெளியிட்ட நூலால் பரவிய ஆட்டக் கோட்பாடு, ஒருவரின் பேறு மற்றவரின் இழப்பாகும் ஆட்டங்களை ஆராய்கிறது. சிகரத்தின் ‘முதல் ஏற்றம்’ அத்தகையது. அன்றியும், ஒரே முறை ஆடப்படுவது. நாளையும் முகம் பார்க்க வேண்டிய வணிகனுக்கு வாக்கைக் காப்பதில் ஆதாயம் உண்டு. ஒரே முறை ஆடுவோனுக்கு அக்கட்டுப்பாடு ஏது? அங்கே அமானிதம் ஒன்றே காவல்.

உலகின் இரண்டாவது உயர்சிகரமான கே-2, பாகிஸ்தானின் வட எல்லையில் 8,611 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. 1953-இல் அங்குச் சென்ற அமெரிக்கர், நோயுற்ற தோழர் ஒருவரைக் காப்பாற்றும் பொருட்டுச் சிகர ஆசையையே கைவிட்டனர், அவர் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு இத்தாலியரின் முறை. உலகப் போரில் தோற்ற அந்நாட்டுக்கு, இழந்த பெருமையை மீட்கும் வாய்ப்பாக அது தோன்றியது. புவியியல் அறிஞர் தேசியோ குழுவின் தலைவர்.

சிகரத்துக்குச் செல்ல காம்பஞோனி, லாச்செதெல்லி இருவரும் தேர்வாயினர். அவர்களுக்குரிய பிராணவாயு உருளைகளைச் சுமந்து ஜூலை 30 அன்று மேலேறியவர்கள், இருபத்து நான்கு வயது போனாத்தியும் ஹுன்ஸாவைச் சேர்ந்த அமீர் மஹ்தியும். மஹ்திக்குச் சிகரம்வரை செல்லலாமென ஆசை காட்டப்பட்டிருந்தது. அது பொய்யாசை என்பதைப் போனாத்தியே பின்னர் எழுதியுள்ளார். அவரும் குற்றமற்றவர் அல்லர் என்றே கருதுகிறேன்.

பேசி வைத்த இடத்தில் கூடாரம் இல்லை. மேலே, எட்டாத ஓரிடத்துக்கு அது மாற்றப்பட்டிருந்தது. இருளில் கூவி அழைத்தபோது, உருளைகளை வைத்துவிட்டு இறங்குமாறு மேலிருந்து குரல் வந்தது. அந்த இரவில் இறங்குவது இயலாத செயல். ஏறத்தாழ 8,100 மீட்டர் உயரத்தில், கூடாரமோ உறைபையோ இன்றி, பனியைக் குடைந்து அமைத்த சிறு திட்டில் இருவரும் விடியும்வரை இருந்தனர். மறுநாள் மாலை அவ்வுருளைகளின் துணையுடன் இத்தாலியக் கொடி சிகரத்தில் ஏறியது. மஹ்தியின் கால்விரல்களைப் பனி தின்றது. அவை வெட்டி எடுக்கப்பட்டன. மீண்டும் அவர் மலையேறவில்லை.

பத்தாண்டு கழித்து ஓர் ஏடு, பிராணவாயுவைத் திருடியவர் போனாத்தியே என எழுதியது. அவர் வழக்காடி வென்றார். கூடாரத்தை மாற்றிய உண்மையை, முதுமையில் லாச்செதெல்லியே நூலில் வெளியிட்டார். நாடுகளின் ஆட்டத்தில் ஆடுவோர் என எண்ணப்பட்டவர்களுக்கே, அதிலும் ஒருவருக்கு, நீதி கிட்ட அரை நூற்றாண்டு ஆயிற்று. சுமையாளுக்கு ஆட்டத்தில் இடமே இருக்கவில்லை.

இத்தாலிய மலையேற்றக் கழகம் போனாத்தியின் கூற்றை முறைப்படி ஏற்றது மிகத் தாமதமாகவே. மஹ்தி 1999-இலேயே மறைந்திருந்தார்.