செக்சம்: கோப்பு மாறாமையைச் சரிபார்க்கும் எண்

ஒரு கோப்பின் எல்லா பைட்டுகளையும் கணக்கிட்டுப் பெறும் குறுகிய எண் செக்சம். அனுப்பியவரிடம் உள்ள எண்ணும் பெற்றவர் கணக்கிட்ட எண்ணும் ஒத்துப்போனால், கோப்பு வழியில் மாறவில்லை என்று கொள்ளலாம். புணேயை ஒட்டிய சிஞ்ச்வட் வட்டாரத்தில் இது அன்றாடத் தேவை. பிம்ப்ரியில் டாடா மோட்டார்ஸ், ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ, சுற்றிலும் உதிரிபாக ஆலைகள் என வளர்ந்த வாகனத் தொழில் மண்டலம் இது. இன்றைய வண்டியில் எஞ்சினையும் பிரேக்கையும் ஆளும் மின்னணுப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் உண்டு. அது அரைகுறையாகப் பதிவானால் பெட்டி முடங்கும். தப்பாகப் பதிந்தும் ஓடினால் ஆபத்து இன்னும் பெரிது.

தற்செயலான சேதத்துக்கும் வேண்டுமென்றே செய்த திருத்தத்துக்கும் ஒரே காவல் போதாது. ஜிப் கோப்புக்குள் இருக்கும் சிஆர்சி-32 என்ற செக்சம், தொடர்ச்சியாக 32 பிட் வரை கெட்டால் தவறாமல் பிடித்துவிடும். ஆனால் நான்கு பைட்டுகளைத் தோதாக மாற்றி அதே எண்ணை வரவழைப்பது எளிது. திருத்தத்தையும் தடுக்க வந்த எம்டி5 முறையில் ஒரே எண் தரும் இரு வேறு கோப்புகளை 2004இல் காட்டினார்கள். எஸ்எச்ஏ-1க்கு அந்த நிலை 2017இல் வந்தது. எஸ்எச்ஏ-256 இன்றுவரை அப்படி உடையவில்லை. அதனால் மட்டும் நிம்மதி கிடைத்துவிடாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பைத் தங்கள் கள்ளப் பதிப்புக்குத் திருப்பிவிட்டார்கள். இணைப்பை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்தில் அச்சிட்ட செக்சத்தை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எண் எவ்வளவு நீளம் என்பதைவிட அது எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம்.

எச்டிடிபிஎஸ் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பதுண்டு. அது வழியைத்தான் காக்கும். சர்வரில் ஏற்கெனவே மாறிவிட்ட கோப்பையும் அதே பத்திரத்தோடு கொண்டுவந்து சேர்க்கும். டிஜிட்டல் கையொப்பம் வந்தபின் செக்சம் வேண்டாம் என்பதும் சரியல்ல: கையொப்பம் இடப்படுவதே கோப்பிலிருந்து பெற்ற அந்த எண்ணின் மேல்தான். செக்சத்துக்கு எதிரான வலுவான மறுப்பு 2024இல் வந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் வெளியீட்டுக் கோப்பில் பராமரிப்பாளரே பின்வாசல் வைத்திருந்தார். செக்சம் சரியாகவே பொருந்தியிருக்கும். கோப்பு அதுவேதானா என்பதற்குத்தான் செக்சம் சாட்சி, நல்லதா என்பதற்கு இல்லை.

வாகன மென்பொருளுக்கு வந்தால், ஐநாவின் வாகன விதி 156, புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள மென்பொருள் பதிப்புகளை அவற்றின் சரிபார்ப்புத் தரவுடன் தணிக்கைக்கு உரிய பதிவேட்டில் வைக்கச் சொல்கிறது. அதை ஒட்டிய இந்தியத் தரம் ஏஐஎஸ்-190. ஏஐஎஸ் தரங்களை வெளியிடுவது, 1966இல் தொடங்கி புணேயில் இயங்கும் வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ. கணினியில் சரிபார்ப்பவர்களுக்கு விண்டோஸில் சர்ட்யூட்டில் கட்டளை இருக்கிறது, லினக்ஸில் எஸ்எச்ஏ256சம். ஒப்பிடும் எண்ணை மட்டும் கோப்பு கிடைத்த அதே பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்.