டிசம்பர் 25: சேரி அடுப்பில் வெந்த கேக்

தலித் உணவு பற்றி நம் இதழ்களில் நிறைய எழுதியாகிவிட்டது. மாட்டுக்கறி, உப்புக்கண்டம், நத்தை, வயல் நண்டு, வரப்பு எலி, பண்ணை வீட்டுப் பழைய சோறு, கூலி நெல்லோடு கலந்து வந்த பதர் எல்லாமே எழுத்துக்கு வந்துவிட்டன. வரவேண்டியவைதான். ஆனால் பசியும் இழிவும் மட்டுமே எங்கள் சமையல் என்று பதிவானால் அது அரை வரலாறு. எங்கள் பெண்கள் வருசத்துக்கு ஒருதரம் இனிப்பும் சுட்டார்கள். அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது, யார் கையில் வெந்தது, எந்த வாசல் அதை வாங்கிக்கொண்டது, எந்த வாசல் திருப்பியனுப்பியது? காரைக்கால் பகுதிக் கிறிஸ்தவச் சேரிகளின் மார்கழி மாசத்துக் கேக்கை வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் காலத்தைப் பேசவேண்டும். டெல்டாவில் பண்டிகை என்றால் பொங்கல். சம்பா அறுத்து, களம் கண்டு, நெல் வீட்டுக்கு வந்தபிறகு வருகிற பண்டிகை. நிலம் வைத்திருப்பவனின் கணக்குக்கு அது சரியாகப் பொருந்தும். கிறிஸ்துமஸ் அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலையில்லாமல் கிடந்து, நடவுக் கூலி தீர்ந்து, கதிர் இன்னும் பச்சையாக நிற்கிற நேரத்தில் அது வரும். கூலிக்காரக் குடும்பத்துக்கு வருசத்திலேயே கையில் காசில்லாத மாசம். "பொங்கலு ஆண்டையோட களத்துலேருந்து வரும். கிறுஸ்மசு கடன்லதான் வரும்" என்பார் எங்கள் ஆயா. வரப்போகிற அறுப்புக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி நெல்லோ பணமோ முன்னால் வாங்குவார்கள். ஒரு மரக்கால் வாங்கினால் திருப்பும்போது ஒரு மரக்காலாக இருக்காது. ஆக எங்கள் தெருவில் வெந்த ஒவ்வொரு கேக்கிலும் இன்னும் அறுக்காத நெல் கொஞ்சம் இருந்தது.

நெல் மட்டுமே விளைகிற பூமியில் கோதுமை மாவு எப்படி வந்தது? பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் காரைக்காலைப் பிடித்தார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் முடிந்தது. இருநூறு வருசத்துக்கு மேல் இங்கே வெள்ளைக்காரனுக்கு ரொட்டி வேண்டியிருந்தது. மாட்டுக்கறி சமைக்கிற அவன் வீட்டுக் குசினிக்குள் சாதி இந்துக்கள் கால் வைக்க மாட்டார்கள். நுழைந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்களும் முஸ்லிம்களும்தான். 'குசினி' என்கிற சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கைகளுக்குத்தான் முட்டை அடிக்கவும், மாவு பொங்கவைக்கவும், தணலை அளந்து போடவும் முதலில் தெரிந்தது. எங்கள் ஆயாவின் சித்தி அப்படிப்பட்ட ஒரு குசினியில் பாத்திரம் தேய்த்தவர். பார்த்துப் பார்த்துப் பழகியதைச் சேரிக்குக் கொண்டுவந்தார்.

கோதுமைக்கு ஒரு வழி என்றால் சர்க்கரைக்கு வேறொரு வழி. பிரான்சு தன் காலனிகளில் 1848-இல் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை வந்ததும் பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். மார்த்தினிக் தீவுக்கு முதல் கப்பல் 1853-இல் போய்ச் சேர்ந்தது, குவாதலூப் தீவுக்கு 1854 டிசம்பர் கடைசியில். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் பகுதி ஆட்களையும் பிடிக்க வழி திறந்தது. ரீயூனியனுக்கும் போனார்கள். போனவர்களில் நிலமற்றவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஏராளம். சர்க்கரைக்கும், சர்க்கரைப் பாகுக் கழிவில் காய்ச்சுகிற ரம்முக்கும் அங்கே கரும்பு வெட்டியவர்கள் அவர்கள். பாண்டிச்சேரிப் பணக்காரக் கிறிஸ்தவ வீடுகளில் ரவையும் நெய்யும் ரம்மில் ஊறிய திராட்சையும் சேர்த்துச் சுடுகிற 'விவிக்கம்' கேக்கைப் பற்றி இன்று ஆசை ஆசையாக எழுதுகிறார்கள். அந்த ரம்முக்குப் பின்னால் இருந்த கப்பலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளிக்குச் சுட்டுக்கொடுத்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். தீண்டாமையை அனுபவித்த தீயர் சமூகத்தவர் அவர். பக்கத்திலேயே மாகி, அதுவும் பிரெஞ்சுப் பகுதி. கடை வைத்ததால் அவர் பெயராவது மிஞ்சியது. குசினியில் நின்ற பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மூன்றாவது வழி பட்டாளம். 1881-ஆம் ஆண்டு அரசாணைப்படி, சாதி வழக்கச் சட்டங்களை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்தவர்கள் புதிய குடும்பப்பெயர் வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் அதில் கணிசம். அந்த வழியாகப் பலர் சைகோனுக்குப் போனார்கள், பட்டாளத்தில் சேர்ந்தார்கள். 'சொல்தா' வீடுகளுக்குப் பென்சன் வந்தது, தகர அடுப்பு வந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரே ஒரு வீடு இருந்தது. மற்ற வீடுகளுக்குக் கிடைத்தது, 1956-க்குப் பிறகு பி.எல். 480 ஒப்பந்தத்தில் வந்து இறங்கிய அமெரிக்கக் கோதுமையும், தேவாலயம் வழியாகப் பங்குபோட்ட பால்பவுடரும்தான். அதை வாங்கியதற்காக 'பால்பவுடர் கிறிஸ்தவன்' என்ற ஏச்சும் சேர்த்துக் கிடைத்தது. வருசம் பூராவும் பண்ணையில் கூழ் வாங்கிக் குடித்தவனை யாரும் 'கூழ் இந்து' என்று ஏசியதில்லையே, அது ஏன்?

அடுப்பில்லாத வீட்டில் கேக் சுடும் விதம் இது. கனத்த இரும்புச் சட்டியில் ரெண்டு விரல் உயரம் ஆற்று மணல் பரப்பணும். அதன்மேல் டால்டா தடவிய அலுமினியக் குண்டான். மேலே தகர மூடி, மூடிமேல் கொட்டாங்கச்சித் தணல். கீழே நெருப்பு அடங்கி எரியணும், மேலே தணல் சிவந்து இருக்கணும். மைதா கிடைக்காத வருசம் ரவை. மாவு பொங்க ஒரு கை கள்ளு. தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு இருந்த காலத்திலும் எங்கள் பக்கம் கள்ளுக்கடை இருந்தது. மழையில் நனைந்த விறகு புகைந்துகொண்டே இருக்கும். கண்ணெரிச்சலோடு அம்மா சொல்லும்: "மூடியத் தொறந்து தொறந்து பாக்காத. பசிச்சவன் மாதிரி கெடந்து பறக்காத. வாசன வந்தாத் தானாத் தெரியும்."

1980-களின் கடைசியில் எங்கள் தலைமுறை படிப்புக்கும் வேலைக்கும் வெளியே போக ஆரம்பித்தது. நான் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் இருந்தேன். பிள்ளைகள் சிலர் சென்னையில், சிலர் திருச்சியில். பேரளத்து ரயிலும் நின்றுபோயிருந்தது. கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று பஸ் மாறி மாறி டிசம்பர் 22, 23-இல் வந்து சேருவோம். மாவு எங்களுக்காகக் காத்திருக்கும். சரியாகச் சொன்னால் மாவுக்கான காசு எங்களுக்காகக் காத்திருக்கும். திராட்சை, முந்திரி, எசென்ஸ், வெண்ணெய்த்தாள் எல்லாம் எங்கள் பையில் வரும். அறுக்காத நெல்லின்மேல் கடன் வாங்கிச் சுட்ட கேக், வெளியூர் போன பிள்ளையின் காசில் சுடுகிற கேக்காக மாறியது அந்தப் பத்து வருசத்தில்தான். ஆண்டையிடம் முன்நெல் கேட்டு நிற்காத முதல் கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டுக்கு 1991-இல் வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டு என்று ஊரெல்லாம் நீலக்கொடி ஏறிய வருசம் அது.

அந்த வருசம்தான் தட்டுப் பிரச்சினையும் வந்தது. பண்டிகைக்குச் சுட்டதைத் தட்டில் வைத்து அக்கம்பக்கம் கொடுப்பது வழக்கம். சேரிக்குள் கிறிஸ்தவ வீடு, இந்து வீடு பார்ப்பதில்லை, எல்லா வீட்டுக்கும் போகும். பக்கத்து முஸ்லிம் தெருவுக்கும் போகும், அங்கே பிட்டு வாங்கி உடனே வாயில் போட்டுக்கொள்வார்கள். ஊர்த்தெருவுக்குப் போனால் கொல்லைப்பக்கம் வரச்சொல்வார்கள். தட்டைத் திண்ணையில் வைக்கச் சொல்லி, "ஏண்டி, வீட்ல சுட்டதா, கடையில வாங்குனதா?" என்று கேள்வி வரும். வீட்டில் சுட்டது என்றால் மாட்டுத் தொட்டிக்குப் போகும். பேக்கரி அட்டைப்பெட்டியில் இருந்தால் உள்ளே போகும். பேக்கரியில் மாவு பிசைகிறவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. அட்டைப்பெட்டி சாதியை மறைத்துவிடுகிறது. எங்கள் அம்மாவின் கைக்கு அட்டைப்பெட்டி கிடையாது.

இதைத் தனிமனிதக் கெட்டகுணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டெல்டாவில் நெல்லும் உழைப்பும் சேரியிலிருந்து ஊருக்குப் போகும். சமைத்த சோறு ஊரிலிருந்து சேரிக்கு வரும், மிச்சமாக. சமைத்த பண்டம் சேரியிலிருந்து ஊருக்குப் போவது இந்த ஒழுங்கில் கிடையாது. கேக் தட்டோடு போன பெண் அந்த ஒழுங்கைத்தான் தலைகீழாக்கப் பார்த்தாள். அதனால்தான் ஒரு துண்டு கேக்குக்கு அத்தனை விசாரணை.

திருச்சபையும் இதிலிருந்து தப்பியதில்லை. பாண்டிச்சேரி சம்பாக் கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையரையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. 1745-இல் காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியாரின் தூண்டுதலில் சேரிக் கிறிஸ்தவர்கள் திரண்டுபோய் நியாயம் கேட்க, சுவர் இடிபட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். சீர்திருத்தச் சபைகளில் பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சாதியை விடச்சொல்லிச் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் தடையில்லாமல் சேர்ந்து உண்ண மறுப்பவர் சபைக்குத் தகுதியில்லாதவர் என்ற நிலைக்கு வந்தது. தரங்கம்பாடியில் வேரூன்றிய லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் அதற்கு உடன்படாமல் விலகி நின்றது. காரைக்காலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் தரங்கம்பாடி. சுவரில் ஆரம்பித்த சண்டை கடைசியில் சோற்றுத் தட்டில்தான் வந்து நின்றது. அப்பத்தை யாரும் மறுக்கவில்லை, சுட்ட கையைத்தான் மறுத்தார்கள்.

ஹாஸ்டல் வாசகர் வட்டத்தில் தோழர் ஒருவர் கேட்டார்: "வெள்ளக்காரன் பண்டத்த ஏன் இன்னும் தூக்கிச் சுமக்குறீங்க? டிசம்பர் 25 நமக்கு மனுதர்மத்தக் கொளுத்துன நாள் இல்லையா?" நியாயமான கேள்விதான். 1927 டிசம்பர் 25-இல் மகாத் நகரில் பாபாசாகேப் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலியை அரைப்படி கூட்டிக் கேட்டுச் சங்கம் வைத்ததற்காக, ராமையாவின் குடிசைக்குள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேரைக் கொளுத்தினார்கள். 1973-இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. எங்கள் பக்கத்து அடுப்பு எரிந்த அதே ராத்திரியில், நாகப்பட்டினம் தாண்டி அந்தக் குடிசை எரிந்திருக்கிறது. இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே கணக்கு, படிக்கணக்கு. அந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் தெருவில் பூசை முடிந்து வந்ததும் ஒரு மெழுகுவத்தி வெண்மணிக்காகத் தனியாக எரியும். கேக்கை அதன் பக்கத்தில் வைத்துத்தான் வெட்டுவோம். ஒன்றை வைத்து இன்னொன்றை விலக்கவேண்டிய அவசியம் எங்கள் அம்மாக்களுக்கு இருந்ததில்லை.

ஒளிக்கவேண்டிய அவசியம்தான் இருந்தது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்கவேண்டும் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. புதுச்சேரிக்கென்று 1964-இல் வந்த ஆணையும் இதே வழியில்தான் போனது. அதனால் எங்கள் தெருவில் கோயில் ஏட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூட ஏட்டில் ஒரு பெயர் என்று வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிற வருசம் வாசலில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். கேக்கைப் பகலில் சுடமாட்டார்கள், வாசனையே சாட்சியாகிவிடும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயம் போகிறவர் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-இல் அமைத்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்திடமும் இதே கேள்விதான் போனது. எங்கள் கேக்கைத் தொட்டியில் கொட்டிய ஊர்த்தெரு, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று நினைத்தா கொட்டியது? நாங்கள் யார் என்று அதற்குத் தெளிவாகத் தெரியும். தெரியாததுபோல இருப்பது சட்டம்தான்.

இப்போது பிள்ளைகள் துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். மணல் சட்டி போய் மின்சார அடுப்பு வந்திருக்கிறது. பல வீடுகளில் கடைக் கேக்கோடு முடித்துக்கொள்கிறார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, புகையில் நின்றவளுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் மணல் சட்டியோடு சேர்ந்து அதன் வரலாறும் போய்விடக் கூடாது. மாணவர்களும் தோழர்களும் இந்த டிசம்பரில் வீட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துப் போங்கள். ஆயாவிடம் கேளுங்கள்: சுடக் கற்றுக்கொடுத்தது யார், அவர் எந்த வீட்டுக் குசினியில் வேலை பார்த்தார், எத்தனை மரக்கால் கடன் வாங்கினீர்கள், எத்தனை திருப்பினீர்கள், யாருக்குப் பயந்து ராத்திரியில் சுட்டீர்கள். தட்டு எந்த வாசல்வரைக்கும் போனது, எங்கே நின்றது என்று வீடு வீடாகக் குறியுங்கள். உங்கள் ஊரின் சாதிக்கு அதைவிடச் சரியான வரைபடம் எந்தத் தாலுகா அலுவலகத்திலும் கிடைக்காது.