ஹார்லெமின் பாலே: ஒரு பேட்டையும் அதன் நடன உடையும்

பாலே நடனத்தின் அடையாளமான டூட்டூ பாவாடை பாரிஸில் உருவானது. 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியது. அதில் மரீ தாலியோனி, கெண்டைக்கால்வரை இறங்கும் மெல்லிய வெண்ணிறப் பாவாடை அணிந்து நுனிக்காலில் ஆடினார். அடுக்கடுக்காக மணிபோல் விரிந்த அந்த உடை அவரை மண்ணில் கால் பாவாத வனதேவதையாகக் காட்டியது. 1841இல் வந்த 'ஜிசெல்' அந்தப் பாணியை நிலைநாட்டியது. நூற்றாண்டின் பிற்பகுதியில் காலசைவுகள் நுணுக்கமாகிக்கொண்டே போக, அவை முழுதும் தெரியவேண்டும் என்பதற்காகப் பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியது. பின்னர் அது இடுப்பைச் சுற்றித் தட்டையாக நிற்கும் வடிவத்தையும் பெற்றது.

இந்த உடையோடு சேர்ந்தவை இளஞ்சிவப்புக் காலுறையும் அதே நிறத்துச் சாட்டின் காலணியும். இரண்டும் வெள்ளைத்தோலின் நிறத்தை ஒட்டி வைக்கப்பட்டவை. இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை ஒரே கோடாக ஓடும் கால்தான் பாலேயின் அழகு. காலுறை தோலோடு இசைந்தால்தான் அந்தக் கோடு அறுபடாது. ஐரோப்பிய மேடைகளில் யாரும் இதை யோசிக்கத் தேவை இருக்கவில்லை. கறுப்பின ஆட்டக்காரர்கள் மேடையேறியபோதுதான் இது ஒரு கேள்வியாயிற்று. அதற்கு விடை கண்டதில் பெரும்பங்கு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஹார்லெம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பண்பாட்டுத் தலைநகர். ஜாஸ் இசையும் கவிதையும் அங்கே செழித்தன. பாலே மட்டும் எட்டாத கலையாகவே இருந்தது. 1934இல் ஹார்லெமில் பிறந்த ஆர்தர் மிட்செல் 1955இல் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் சேர்ந்து, அதன் முதல் கறுப்பின முதன்மை ஆட்டக்காரராக உயர்ந்தார். 1957இல் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் தம் 'அகான்' படைப்பில் மிட்செலையும் வெள்ளைப்பெண்ணான டயானா ஆடம்ஸையும் இணையாக ஆடவைத்தார். இனப்பிரிவினை சட்டமாகவே நீடித்த மாநிலங்கள் இருந்த காலத்தில் இது பெரும் துணிச்சல்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது பிரேசிலில் ஒரு தேசிய பாலே குழுவை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்த மிட்செல், தம் உழைப்பு பிறந்த மண்ணுக்கே போய்ச் சேரவேண்டும் என்று முடிவெடுத்தார். தம் ஆசிரியர்களில் ஒருவரான கேரல் ஷூக்குடன் சேர்ந்து 1969இல் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்ற பள்ளியையும் குழுவையும் நிறுவினார்.

தொடக்கத்தில் வகுப்பு நடந்த இடங்களில் ஒன்று பழைய கார் கொட்டகை. கோடையில் புழுக்கம் தாங்காமல் அதன் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். தெருவில் போவோர் நின்று பார்த்தார்கள். பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். இறுக்கமான காலுறை அணியக் கூச்சப்பட்ட பையன்கள் வெட்டிய ஜீன்ஸோடு பயிற்சி செய்ய மிட்செல் அனுமதித்தார். 30 பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு சில மாதங்களில் 400 பேராகப் பெருகியது. பாலே தங்களுக்கு உரியதல்ல என்று எண்ணியிருந்த ஒரு சமூகம், அதைக் கண்முன்னே பார்த்ததும் தனதாக்கிக்கொண்டது. 152ஆம் தெருவில் குழுவுக்கு நிலையான இடம் அமைந்தது. 1971 ஜனவரியில் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் குழு முறைப்படி அரங்கேறியது.

குழுவின் உடைப்பிரிவை வளர்த்தெடுத்தவர் ஸெல்டா வின் வால்டெஸ். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜோசபின் பேக்கர் போன்ற பெரும் கலைஞர்களுக்கு ஆடை தைத்துப் புகழ்பெற்று, பிராட்வேயில் சொந்தக் கடை நடத்தியவர். 1970இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, மிட்செலின் அழைப்பை ஏற்றுக் குழுவில் சேர்ந்தார்; 2001இல் மறையும்வரை அதற்காக உழைத்தார்.

டூட்டூ தைப்பது தனித்தொழில். விறைப்பான நெட் துணியை வெவ்வேறு அகலத்தில் வெட்டி, ஒவ்வொன்றையும் சுருக்கு வைத்து, உள்ளாடைபோன்ற அடித்துணியில் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகத் தைப்பார்கள். அடியில் குட்டை, மேலே போகப்போக நீளம். பத்து அடுக்குக்கு மேலும் வருவதுண்டு. அடுக்குகள் கலையாமலிருக்க அவற்றை ஊடுருவித் தளர்வான ஓட்டுத்தையல் போடுவார்கள். மேற்சட்டையை உடம்போடு ஒட்டித் தைத்து, முதுகில் வரிசையாகக் கொக்கி வைப்பார்கள்.

ஹார்லெமில் இந்தக் கைவேலையோடு சாயவேலையும் சேர்ந்தது. 1970களில் குழு இளஞ்சிவப்புக் காலுறையைக் கைவிட்டது. அவரவர் தோல்நிறத்துக்கு ஏற்பக் காலுறைகளுக்குச் சாயம் ஏற்றப்பட்டது. கறுப்பினத்தவர் எல்லோருக்கும் ஒரே பழுப்பு பொருந்தாது. தேன்நிறம் முதல் கருங்காலி நிறம்வரை ஒவ்வொருவருக்கும் தனிக் கலவை வேண்டும். கடையில் கிடைத்த இளஞ்சிவப்புக் காலணியை, முகத்துக்குப் போடும் ஒப்பனைப் பூச்சைப் பஞ்சில் தொட்டுத் தடவித் தோல்நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாடாவுக்கும் அதே பூச்சு. நுனிக்காலில் ஆடும் காலணி விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு புது ஜோடிக்கும் இந்த வேலையைத் திரும்பச் செய்யவேண்டும். அதன் பயன் மேடையில் தெரிந்தது: வெள்ளை டூட்டூவின் கீழே கால்கள் ஒரே கோடாக நீண்டன.

பழைய படைப்புகளும் புது மண்ணில் வேரூன்றின. 1982இல் 'ஃபயர்பேர்ட்' கதை ரஷ்யக் காட்டிலிருந்து வெப்பமண்டலக் காட்டுக்கு மாறியது. 1984இல் 'கிரியோல் ஜிசெல்' வந்தது. பழைய இசையையும் அசைவுகளையும் வைத்துக்கொண்டு, கதையை 1840களின் லூயிசியானாவில் வாழ்ந்த, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினக் குடும்பங்களின் நடுவே அது நிறுத்தியது. அடிமை நிலையிலிருந்து எத்தனை தலைமுறை விலகியது என்பதே அங்கே ஒரு குடும்பத்தின் மதிப்பைத் தீர்மானித்தது. மூலக் கதையில் பிரபுவுக்கும் குடியானவப் பெண்ணுக்கும் இடையிலிருந்த பிளவு இவ்வாறு அமெரிக்க வரலாற்றின் பிளவாக உருப்பெற்றது. ஜிசெலாக ஆடியவர் வர்ஜீனியா ஜான்சன்.

குழு 1988இல் சோவியத் ஒன்றியத்திலும் 1992இல் தென்னாப்பிரிக்காவிலும் ஆடியது. ஆனாலும் அதன் உயிர் ஹார்லெமிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவுகளைத் திறந்து ஊராரை அழைத்து நிகழ்ச்சி நடத்தும் வழக்கம் தொடக்கக்காலத்திலேயே வேர்கொண்டது. முதல் வகுப்புக் குழந்தையும் தேர்ந்த ஆட்டக்காரரும் ஒரே அரங்கில் ஆட, பெற்றோரும் அண்டை வீட்டாரும் பார்த்து மகிழ்ந்தார்கள்.

2004இல் நிதி நெருக்கடி குழுவை முடக்கியது. பள்ளி மட்டும் நடந்துவந்தது. வர்ஜீனியா ஜான்சனின் தலைமையில் 2012இல் குழு மீண்டும் மேடையேறியது. மிட்செல் 2018இல் காலமானார். அதே ஆண்டு லண்டனின் ஃப்ரீட் நிறுவனம், 'பாலே பிளாக்' நடனக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறங்களில் நுனிக்கால் காலணிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டாக ஆட்டக்காரர்கள் தாங்களே பூசிச் சமாளித்த நிறம் கடையிலேயே கிடைக்கத் தொடங்கியது. ஹார்லெம் பாலேயின் இலக்கணத்தை மாற்றவில்லை. உடையும் உடலும் இசைந்திருக்கவேண்டும் என்ற அதன் பழைய விதி எல்லா உடல்களுக்கும் பொருந்தும் என்று நிறுவியது.