‘அன்னபூரணி’யின் ஆயத்தம்: வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பலின் 1938ஆம் ஆண்டு அத்திலாந்திக் கடப்பு – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்து, 1938 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இந்நிகழ்வு பெரும்பாலும் துணிவின் கதையாகவே நினைவுகூரப்படுகிறது. கப்பலின் உடல், காற்றுப் பருவம், ஆளும் உணவும் என்னும் மூன்று நிலைகளில் அக்கடப்புக்கான ஆயத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வாயத்தத்தின் பெரும்பகுதி, கப்பல் விற்கப்படுவதற்கு முன்பே வங்கக்கடல் வணிகத்தில் உருவாகிவிட்டது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: அன்னபூரணி, வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல், கலப்பற்று, பருவக்காற்று, கடல்சார் வரலாறு.

முன்னுரை

அத்திப்பட்டிலிருந்து பழவேற்காடு வரையிலான கரை இன்று அனல்மின் நிலையத்தாலும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களாலும் அறியப்படுகிறது. பழவேற்காட்டின் வரலாறும் பெரும்பாலும் 1613இல் டச்சுக்காரர் நிறுவிய கெல்திரியா கோட்டையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் ஆவணங்கள் உண்டு. கலங்களைக் கட்டிய தச்சருக்கும் அவற்றைக் கடலுக்கு ஆயத்தம் செய்தோருக்கும் அத்தகைய ஆவணங்கள் மிகக் குறைவு. இக்குறை சோழமண்டலக் கரை முழுமைக்கும், பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணக் கரைக்கும் பொதுவானது. எனவே, ஒரு சிறு மரக்கலம் பெருங்கடலுக்கு எவ்வாறு ஆயத்தமானது என்பதை ஆராய, பயணச் சான்று தெளிவாக உள்ள ஒரு கலத்தைத் தேர்ந்துகொள்வது பயனுடையது. அன்னபூரணி அத்தகையது.

கப்பலும் கைமாற்றமும்

வல்வெட்டித்துறை இலங்கையின் வடகரையில் அமைந்த ஊர். அதன் பாய்க்கப்பல்கள் தமிழகத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்றுவந்தன. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. ஏறத்தாழ 90 அடி நீளமும் இரு பாய்மரங்களும் கொண்ட அன்னபூரணி, இவ்வணிகத்துக்கெனக் கட்டப்பட்ட மரபில் வந்தது. அதனை விலைக்கு வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். 1928 முதல் 1931 வரை ‘சுவாப்’ என்னும் ஏறத்தாழ 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்தவர் அவர். தம் மனைவியின் பெயரால் இக்கப்பலுக்கு ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயரிட்டார். தண்டையல் தம்பிப்பிள்ளை தலைமையிலான வல்வெட்டித்துறை மாலுமிகள் ஏடன், சூயசுக் கால்வாய், ஜிப்ரால்ட்டர், பெர்முடா வழியாக அதனைக் குளோசெஸ்டருக்குக் கொண்டுசேர்த்தனர்.

சிறு கலங்களின் தன்மையைத் தம் சொந்தப் பயணத்தில் அறிந்த ஒருவர், புதுக்கலம் ஒன்றைக் கட்டுவிக்காமல், பயன்பாட்டில் இருந்த சரக்குக் கப்பலைத் தேர்ந்தெடுத்தார் என்பது கருதத்தக்கது. பெருங்கடலுக்கு உரிய அடிப்படைத் தகுதிகள் அதில் முன்னரே இருந்தன என்னும் மதிப்பீட்டை இத்தேர்வு உணர்த்துகிறது.

கப்பலின் உடல்

அன்னபூரணி வேப்பமரத்தால் ஆனதென்பது வழிவழிச் செய்தி. மரத் தேர்வு அழகு பற்றியதன்று. இயல்பாக வளைந்து வளர்ந்த கிளையில் மர இழையும் வளைவோடு செல்லும். அதிலிருந்து செதுக்கிய வங்குக்கால், நேர்மரத்தை வளைவாக அறுத்து எடுத்ததைவிட அலையின் தாக்குதலை நன்கு தாங்கும். பலகைகளின் இடைவெளியில் பஞ்சோ நாரோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசி அடைக்கும் வேலை ‘கலப்பற்று’ எனப்படும். நீருக்கு அடியிலுள்ள பகுதிக்குச் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்து பூசுவது, மரத்தைத் துளைக்கும் புழுக்களைத் தடுப்பதற்காகும்.

இவ்வேலைகள் ஒருமுறை செய்து முடிப்பனவல்ல. கடலில் மரம் ஓயாது அசைகிறது, அடைப்பு தளர்கிறது. ஆகவே அவற்றைச் செய்யத் தெரிந்தவர் கப்பலிலேயே இருப்பதும் ஆயத்தத்தின் ஒரு கூறாகும். சரக்குக் கப்பலுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. சரக்கின் பாரத்தோடு நிலைகொள்ளுமாறு அமைந்த கலம், வெறுமையாகச் செல்லும்போது பாயின் விசையால் அளவுக்கு மீறிச் சாயும். அதற்கு ஈடாக அடித்தளத்தில் கல்லையோ மணலையோ இட்டு, அது உருளாதபடி பிணைத்தல் வேண்டும். ஒருவழிச் சரக்கு வணிகத்தில் பழகிய மாலுமிகளுக்கு இது அன்றாட அறிவு.

கலம் கட்டும் அறிவு தமிழில் எழுத்திலும் இடம்பெற்றுள்ளது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் வெளியிட்ட ‘கப்பல் சாத்திரம்’ மரங்களின் இயல்பையும் கப்பல் உறுப்புகளின் அளவையும் சோதிடக் கருத்துகளோடு கலந்து கூறுகிறது. எனினும் அந்நூலை வல்வெட்டித்துறைத் தச்சர் பின்பற்றினர் என்று கொள்ள இடமில்லை. கைவழியாகக் கடத்தப்பட்ட அறிவும் ஏட்டில் எழுதப்பட்ட அறிவும் ஒரே கரைப்பண்பாட்டில் அருகருகே இருந்தன என்பதே கூறத்தக்கது.

காற்றும் தொலைவும்

வல்வெட்டித்துறையிலிருந்து இரங்கூன் ஏறத்தாழ 1,000 கடல் மைல். கொழும்பிலிருந்து ஏடன் 2,100. ஜிப்ரால்ட்டரிலிருந்து பெர்முடா நேர்வழியிலேயே 2,900. எனவே பழகிய தொலைவு முதற்கட்டத்தில் இருமடங்காகவும், அத்திலாந்திக்கில் ஏறத்தாழ மும்மடங்காகவும் பெருகியது. ஆயினும் பெருகியது தொலைவேயன்றி, காற்றை எதிர்நோக்கிப் பயணத்தை வகுக்கும் முறையன்று. வாடை வீசும் மாதங்களில் வடகிழக்குக் காற்று அரபிக்கடலில் மேற்கே செல்லும் கலத்துக்குத் துணைநிற்கும். சோழகம் அதே வழியைக் கடினமாக்கும். செங்கடலின் வடபாதியில் எதிர்க்காற்று உண்டு. அத்திலாந்திக்கிலோ தெற்கே இறங்கி வடகிழக்கு வணிகக்காற்றைப் பிடிப்பது பாய்க்கப்பலின் பழைய வழி. ஐப்பசி, கார்த்திகைப் புயல்களை எண்ணிக் கலத்தைக் கரையேற்றிய மாலுமிக்கு, புறப்படும் நாளே முதல் பாதுகாப்பு என்பது புதிய பாடமன்று.

ஆளும் உணவும்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர் எனக் கொண்டால், 60 நாளுக்கு 240 லிட்டர் தேவை. பாய்க்கப்பலில் நாள்களை உறுதியாகக் கணக்கிட இயலாது. நாளொன்றுக்கு 120 கடல் மைல் செல்லும் கலம் 2,900 மைலை 24 நாளில் கடக்கும், காற்று ஓய்ந்து 60 மைலே சென்றால் 48 நாளாகும். ஆதலின் எதிர்பார்க்கும் நாளின் இருமடங்குக்கு நீரும் அரிசியும் ஏற்றுவதே முறையான கணக்காகும். இவற்றோடு உதிரிப் பாய்த்துணி, கயிறு, பருமல், சுக்கானைச் சீர்செய்யும் மரம் ஆகியனவும் வேண்டும். நடுக்கடலில் தச்சுப்பட்டறை இல்லை. எனவே மாலுமியே தச்சனாகவும் பாய் தைப்பவனாகவும் இருத்தல் இன்றியமையாதது. ஒரே ஊரில் வளர்ந்து, ஒரே தண்டையலின் சொல்லுக்குப் பழகிய குழு என்பது இங்கு உணர்ச்சி சார்ந்த செய்தியன்று; இரவுக் காவலை மாற்றுவதிலும் பாயைச் சுருக்குவதிலும் உயிர் காக்கும் ஒழுங்காகும்.

பெயரும் உரிமையும்

கப்பல் கரைசேர்ந்தபோது அதன் பெயர் வேறு, உரிமையாளர் வேறு. பதிவேட்டில் நிலைபெற்றது புதிய பெயர். ஊர் நினைவில் நிலைபெற்றது ‘அன்னபூரணி’. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கொண்டு எழுதும் வரலாறு குறைவுடையது. ராபின்சனின் பணமும் கடலறிவும் இன்றி இப்பயணம் நிகழ்ந்திராது. வேம்பைத் தேர்ந்த தச்சரும், கலப்பற்று வேலை அறிந்தோரும், தம்பிப்பிள்ளையும் இன்றி இது நிறைவேறியுமிராது. துணிவை மட்டும் போற்றும் மரபு, தன்னையறியாமல் இவர்களின் அறிவை மறைத்துவிடுகிறது. துணிவு ஒரு நாளில் தோன்றலாம். ஆயத்தம் தலைமுறைகளில் விளைவது.

முடிவுரை

அன்னபூரணியின் அத்திலாந்திக் கடப்பு ஒரு தனிநிகழ்வு எனினும், அதனை இயல்வித்த அறிவு தனிநிகழ்வன்று. கலத்தின் உடலைப் பேணுதல், காற்றுக்கேற்ப நாளைத் தெரிதல், நாளை மிகுத்துக் கணக்கிட்டு உணவும் நீரும் ஏற்றுதல் ஆகிய மூன்றும் வங்கக்கடல் வணிகத்தின் அன்றாட நடைமுறையில் வேரூன்றியவை. இம்முடிவு ஒரு களப்பணியையும் வேண்டி நிற்கிறது. கண்ணாடியிழைப் படகுகள் பரவிவிட்ட இந்நாளில், அத்திப்பட்டை அடுத்த கடற்கரை ஊர்களிலும் பழவேற்காட்டிலும் மரக்கல வேலை அறிந்த முதியோரின் சொற்களும் அளவுகளும் வேலைமுறைகளும் உடனடியாகப் பதிவுசெய்யப்பட வேண்டும். வல்வெட்டித்துறைத் தச்சரின் கைத்திறனுக்கு ஒரு கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து சான்று கூறியது. எல்லாத் தச்சருக்கும் அத்தகைய சான்று வாய்ப்பதில்லை.