தீ தெரிந்தது, தகவல் வரவில்லை

பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆபீஸில் ஒரு சர்வர் படுத்துவிட்டது. எச்சரிக்கை மெயில் ஏன் வரலை என்று பார்த்தால், மெயில் அனுப்பும் நிரலும் அதே சர்வரில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! நாங்கள் சிரித்துவிட்டு மாற்றி வைத்தோம். இதே மாதிரி ஒரு பிழை 1988-ல் வட கடலில் உயிர்களோடு விளையாடியிருக்கிறது.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து சுமார் 190 கி.மீ. தொலைவில் கடலுக்குள் இருந்த எண்ணெய் மேடை பைப்பர் ஆல்ஃபா. ஜூலை 6 இரவு 10 மணி வாக்கில் வாயு கசிந்து வெடித்தது. ரேடியோ அறையிலிருந்து 'மேடே' அழைப்பு போனது. சில நிமிடங்களில் அந்த அறையையே கைவிட வேண்டியதாயிற்று. ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பும் இல்லை. ஹெலிகாப்டர் வரும் என்று தங்கும் பகுதியிலேயே பலர் காத்திருந்தார்கள்.

பக்கத்து மேடைகளான கிளேமோரும் டார்ட்டனும் அனுப்பிய எண்ணெய், பைப்பரின் குழாயோடு சேர்ந்துதான் கரைக்குப் போகும். அவை பம்ப் செய்வதை நிறுத்தாதவரை, உடைந்த குழாய் வழியாக எண்ணெய் பின்னோக்கி வந்து தீயை வளர்த்தது. கிளேமோரிலிருந்து பார்த்தால் தீ தெரிகிறது. ஆனால் உற்பத்தியை நிறுத்தக் கரையைக் கேட்க வேண்டும் என்ற தயக்கம். கரையோடு பேசும் முக்கிய ரேடியோ இணைப்போ, எரிந்துகொண்டிருந்த பைப்பர் வழியாக! கிளேமோரில் எண்ணெய் உற்பத்தி நிற்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்றிரவு இறந்தவர்கள், மீட்கப் போன இருவரையும் சேர்த்து, 167 பேர். தப்பியவர்கள் 61 பேர்.

லார்ட் கல்லன் விசாரணை 1990-ல் 106 பரிந்துரைகள் தந்தது. பக்கத்து மேடைகள் உடனே நிறுத்தாததையும் அது கண்டித்தது.

இன்று செயற்கைக்கோள், கடலுக்குள் 4ஜி, கரையில் உட்கார்ந்தே பார்க்கும் நேரலை வீடியோ எல்லாம் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் கிளேமோரில் இருந்தவர்களுக்கு எந்தக் கேமராவும் தேவைப்படவில்லை, கண்ணெதிரே தெரிந்தது. அவர்களுக்கு இல்லாமல் போனது இரண்டு: பைப்பரை நம்பியிராத மாற்று வழி, யாரையும் கேட்காமல் வால்வை மூடலாம் என்ற துணிவு. முதலாவதை நம்மைப் போன்ற எஞ்சினியர்கள் கட்டித் தரலாம். இரண்டாவதை நிர்வாகம்தான் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.