மலிவு என்பது வெறும் விலையல்ல: கேமார்ட்டின் எழுச்சியும் வீழ்ச்சியும்

அமெரிக்கச் சில்லறை வியாபார வரலாற்றில் 1962 முக்கியமான ஆண்டு. மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தின் கார்டன் சிட்டியில் முதலாவது கேமார்ட் கடை திறக்கப்பட்டது. மே மாதம் மின்னசோட்டாவில் டார்கெட்; ஜூலையில் ஆர்கன்சாவில் வோல்மார்ட். மூன்றும் ஒரே வருசத்துப் பிள்ளைகள். மூத்தது கேமார்ட், வேகமாக வளர்ந்ததும் அதுதான். பின் அதுமட்டும் ஏன் அழிந்தது?

அதன் வேர் இன்னும் பழையது. செபாஸ்டியன் கிரெஸ்கி 1899இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய 5 சத, 10 சதக் கடைகள் அரை நூற்றாண்டு நன்றாக ஓடின. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு சனங்கள் கார் வாங்கி நகர ஓரங்களுக்குக் குடிபோனார்கள். நகர நடுவில் இருந்த கடைகள் களையிழந்தன. 1959இல் தலைமைக்கு வந்த ஹரி கனிங்காம் இதைக் கண்டுகொண்டார். ஒவ்வொரு சாமானிலும் கொஞ்ச லாபம், ஆனால் நிறைய விற்பனை. முன்னால் கார் நிறுத்தப் பெரிய இடம். இதுதான் அவர் போட்ட கணக்கு. கணக்குப் பலித்தது. 1965இல் இந்தியானா மாநிலக் கடையொன்றில் புதிய உத்தியொன்று பிறந்தது: திடீரென நீல விளக்குச் சுழலும், அந்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் விலை இறங்கும், சனம் ஓடிவரும். 1977இல் தாய்க் கொம்பனியே கிரெஸ்கி என்ற பெயரை விட்டுவிட்டுக் கேமார்ட் ஆனது. பிற்காலத்தில் கடைகள் 2,000ஐத் தாண்டின.

'மலிவு' என்ற நம் சொல்லை இங்கே கவனியுங்கள். 'மலிதல்' என்றால் நிறைதல், மிகுதல். பொருள் நிறைந்தால் விலை தானாக இறங்கும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வோல்மார்ட் இந்த வழியில்தான் போனது. முதலில் களஞ்சியம், அதைச் சுற்றி எட்டும் தூரத்தில் கடைகள். 1987இல் சொந்தச் செய்மதி வலையமைப்பால் கடைகளையெல்லாம் தலைமையகத்தோடு இணைத்தது. எந்தத் தட்டில் எது தீர்ந்தது என்பது உடனே தெரிந்தது.

கேமார்ட்டோ கடையின் முன்பக்கத்தைப் பார்த்தது, பின்பக்கத்தை மறந்தது. பணத்தைப் புத்தகக் கடைகளிலும் விளையாட்டுப் பொருள் கடைகளிலும் போட்டது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் வெறும் தட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். 1990இல் வோல்மார்ட் விற்பனையில் முந்திவிட்டது. 2001இல் கேமார்ட் வோல்மார்ட்டோடு விலைப்போட்டிக்கு இறங்கியது. செலவைக் குறைக்காமல் விலையை மட்டும் குறைத்தால் யார் தாங்குவது? 2002 ஜனவரியில் வங்குரோத்து. அந்த வருசமே 280க்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. சுமார் 22,000 பேரின் வேலை போனது.

பிறகு வந்தது முதலீட்டாளர் எட்வர்ட் லம்பேர்ட்டின் காலம். கேமார்ட்டின் கடன்பத்திரங்களை வாங்கிக் கட்டுப்பாட்டைப் பிடித்த அவர், 2005இல் அதைச் சியர்ஸோடு இணைத்தார். இடையில் பல கடைகளின் இடங்கள் வேறு கொம்பனிகளுக்கு விற்கப்பட்டன. யாவாரத்தைவிட அது நின்ற மண்ணுக்கே பெறுமதி என்றாகிவிட்டது. கடைகளைப் புதுப்பிக்கப் போதிய பணம் போடப்படவில்லை. 2018இல் இணைந்த கொம்பனியும் வங்குரோத்தானது. 2024 ஒக்டோபரில் நியூயோர்க் மாநிலத்தின் பிரிட்ஜ்ஹாம்டனில், அமெரிக்கப் பெருநிலத்தின் கடைசி முழு அளவுக் கேமார்ட்டும் மூடப்பட்டது.

வோல்மார்ட்தான் கேமார்ட்டைக் கொன்றது என்று சொல்வது சுலபம். ஆனால் அதே வோல்மார்ட்டின் பக்கத்தில் டார்கெட் இன்றும் நிற்கிறது. விலைச்சீட்டை மாற்ற ஒரு நாள் போதும். தட்டை நிரப்பும் ஒழுங்கைக் கட்டியெழுப்ப வருசக்கணக்காகும். அந்த வருசங்களைத்தான் கேமார்ட் வீணாக்கியது.